விசர் ஊசி போட்ட நாய் ஏன் இருமுகிறது?

கப்பல்துறை வாசகிக்கு,

"விசர் ஊசி போட்ட நாய்தானே, பிறகேன் இப்படி இருமுகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். ஊருக்கு வந்து இலவசமாகப் போடும் அந்த ஊசி விசர்நோய் ஒன்றைத்தான் தடுக்கும். அதைக் கட்டாயம் போடவேண்டும், ஆனால் இருமலுக்கு அது காவல் இல்லை. இருமலைத் தடுக்கும் ஊசிகள் வேறு. அவற்றுக்கு மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

வறண்ட இருமல், முடிவில் ஓங்காளித்து வெண்ணுரை கக்குவது, ஒன்று தொடங்கியதும் வளவில் நிற்கும் மற்றதும் இருமுவது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தொற்று இருமலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைப் பல கிருமிகள் உண்டாக்கும். அவற்றில் போர்டெட்டெல்லா என்ற பக்டீரியா, குழந்தைகளுக்கு ஊசி போட்டுத் தடுக்கிறோமே குக்கல், அதன் கிருமிக்கு நெருங்கிய இனம். சாப்பாட்டைக் குறைக்காமல் ஓடித்திரியும் வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று கிழமையில் மாறிவிடும். கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள். பனடோல் கொடுக்கவேண்டாம், அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

எலும்பு சிக்கியிருக்கும், கையை விட்டுப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னதை நீங்கள் கேட்காதது எவ்வளவு நல்லது! விசர் பிடித்த நாய்க்கும் தொண்டை செயலிழந்து, எதுவோ சிக்கியதுபோலவே தெரியும். நாயின் எச்சில் கைக்காயத்தில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணிநேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எனக்கு உண்மையான பயம் டிஸ்டெம்பர் என்ற நோய் பற்றியது. அதுவும் இருமலும் மூக்குச்சளியுமாகத்தான் தொடங்கும். பிறகு காய்ச்சல், கண்ணில் பீளை, வயிற்றோட்டம். கிழமைகள் கழித்துத் தசை துடிப்பும் வலிப்பும். அந்தக் கட்டத்தில் விசர் என்று நினைத்து அடித்துக் கொல்லப்படும் நாய்களும் உண்டு. இந்த இரண்டு இருமலையும் பிரித்தறிவதில் ஆய்வாளர்களே தடுமாறியிருக்கிறார்கள். டிஸ்டெம்பருக்குக் காரணம் வைரஸ் என்று பிரான்சில் ஹென்றி காரே 1905இல் காட்டினார். சில ஆண்டுகளில், நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழாயில் போர்டெட்டெல்லாவைக் கண்ட அமெரிக்கர் ஃபெரி, அதுவே காரணம் என்றார். 1920களில் லண்டனில் லெயிட்லோவும் டங்கினும் வைரஸ்தான் என்று உறுதிப்படுத்திய பிறகே வழக்குத் தீர்ந்து, தடுப்பூசியும் வந்தது. ஆகவே கண்ணால் பார்த்து நாம் முடிவுகட்ட முடியாது. உங்கள் நாய் சாப்பாட்டை மறுத்தாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலோ காத்திருக்காதீர்கள். டிஸ்டெம்பர் வைரஸ் நாயோடு நிற்பதுமில்லை, காட்டோரத்து நரிக்கும் தொற்றும். 1994இல் தன்சானியாவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இதற்குப் பலியாயின. ஊர்நாய்களிலிருந்து வந்த நோய் அது.

இனி, நீங்கள் எழுதியிருந்த ஆறு கிழமைக் குட்டிகள். இருமும் நாயிடமிருந்து அவற்றை இப்போதே பிரித்து வையுங்கள், தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும். டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ, பரா இன்புளுவன்சா ஆகிய வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கவேண்டும். பிறகு 16 கிழமை நிறையும்வரை மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போடவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தையே முறித்துவிடும். அது எந்தக் குட்டியில் எப்போது வடியும் என்று சொல்லமுடியாது என்பதால்தான் இத்தனை தடவை. ஒன்றோடு நிறுத்திய குட்டிகள் நோயில் அகப்படுவதுண்டு. ஓராண்டில் இன்னொரு ஊசி.

போர்டெட்டெல்லாவுக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்து உண்டு, சில நாட்களிலேயே வேலைசெய்யத் தொடங்கும். பல நாய்கள் கூடும் இடத்தில் விட்டுவிட்டு வெளியூர் போவதானால் அதைக் கேட்டுப்பாருங்கள். அது இருமலை முற்றாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். எந்தத் தடுப்பு மருந்தானாலும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டியது. திருகோணமலை வெயிலில் கைப்பையில் கொண்டுவந்து வீட்டில் போட்டுக்கொள்ள நினைக்கவேண்டாம். காய்ச்சலோடு இருக்கும் குட்டிக்கு வைத்தியர் நாளைத் தள்ளிவைத்தால் சம்மதியுங்கள்.

குட்டி கேட்டு ஆட்கள் வரத்தொடங்கிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கொடுக்கும்போது, போட்ட ஊசியின் திகதியையும் அடுத்ததன் திகதியையும் ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.