இம்மாதப் பாடம்: சாந்தியின் பதக்கமும் ஊர் வாயும்



சேமிப்பு, கடன், தவணை பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதம் ஓர் ஓட்டக்காரப் பெண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். "ஓட்டப் பந்தயத்துக்கும் நம்ம குழுவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிலர் கேட்பீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டவும். இரண்டு கூட்டமாகப் பிரித்துப் படித்தாலும் சரிதான்.

யார் இந்த சாந்தி?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி கிராமத்தில் 1981-ல் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். தாழ்த்தப்பட்ட குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் இவர். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. விடியலுக்கு முன்னே மண் குழைக்க வேண்டும். வெயில் ஏறும் முன் கல் அறுத்துப் போட வேண்டும். மூத்த பெண் என்றால் தம்பி தங்கைகளைப் பார்ப்பதும் அவள் வேலைதான்.

அப்படிப்பட்ட வீட்டில் பேத்தியின் கால் வேகத்தைக் கண்டுகொண்டவர் தாத்தா. அவர்தான் ஓடக் கற்றுக் கொடுத்தார், ஷூ வாங்கிக் கொடுத்தார். பள்ளிப் போட்டிகளில் ஜெயித்து, விளையாட்டு மூலமாகவே கல்லூரிக்கும் போனார் சாந்தி. 2005-ல் தென்கொரியாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பர் 9-ந் தேதி கத்தார் நாட்டின் தோஹா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதே 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி, மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை நூலிழையில் முந்தி மறுபடியும் வெள்ளி வாங்கினார். மைதானத்தை இரண்டு முறை சுற்றினால் 800 மீட்டர். மூச்சு முட்டும் ஓட்டம் அது.

ஊர் எப்படிக் கொண்டாடியது, எப்படி மாறியது

செய்தி வந்ததும் தமிழ்நாடே கொண்டாடியது. கூலிக்காரர் மகள் ஆசியாவில் இரண்டாவது என்றால் யாருக்குத்தான் பெருமை இருக்காது? ஆனால் அந்தக் கொண்டாட்டம் பத்து நாள்கூட நிற்கவில்லை. ஓட்டம் முடிந்த பின் சாந்தியை ஒரு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அது பெண்தானா என்று பார்க்கும் பாலினப் பரிசோதனை. அதில் அவர் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். இந்தச் செய்தி தனக்கே தொலைக்காட்சி மூலமாகத்தான் தெரிந்தது என்று சாந்தி பின்னால் சொல்லியிருக்கிறார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய விஷயம். அது முதலில் யாருக்குத் தெரிய வேண்டும்? அவளுக்குத்தானே? ஆனால் அவளுக்கு முன்னால் நாட்டுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் பேசினார்கள், பேருந்தில் பேசினார்கள். நேற்று வரை "நம்ம பொண்ணு" என்றவர்கள் "அது பொண்ணே இல்லையாமே" என்றார்கள். 25 வயதுப் பெண் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் போனது. மனம் உடைந்து ஒரு கட்டத்தில் உயிரையே விட முயன்றார். காப்பாற்றப்பட்டார்.

கைகொடுத்தவர்களும் உண்டு. பதக்கம் போன செய்திக்குப் பிறகும் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வழங்கினார். அந்தப் பணத்தை வைத்து சாந்தி என்ன செய்தார் தெரியுமா? புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் நிலையான வருமானம் இல்லை. 2012-ல் அவர் மறுபடியும் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று செய்தித்தாள்களில் வந்தது. எந்தச் சூளையிலிருந்து ஓடி வெளியே வந்தாரோ, அங்கேயே திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

செய்தியைப் பார்த்த பிறகுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். பெங்களூரில் பயிற்சியாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்து, நிரந்தர வேலைக்காகத் தொடர்ந்து போராடி, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். பத்து வருடப் போராட்டம். அந்த வெள்ளிப் பதக்கம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இதே கதை, வேறு ஊரில்

2009-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் உலகத் தடகளப் போட்டி. அதே 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் 18 வயதுப் பெண் காஸ்டர் செமன்யா தங்கம் வாங்கினார். அவரும் கிராமத்துப் பெண்தான். அவரையும் பரிசோதனை செய்தார்கள், அந்தச் செய்தியும் வெளியே கசிந்தது. ஆனால் அவர் ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் பெரும் கூட்டம் கூடிப் பாட்டும் ஆட்டமுமாக வரவேற்றது. "இவள் எங்கள் மகள்" என்று அரசாங்கமே பக்கத்தில் நின்றது. அவர் பதக்கம் பறிபோகவில்லை. பிறகு 2012, 2016 ஒலிம்பிக் இரண்டின் தங்கமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பிற்பாடு விதிகள் மாறியதால் 2019-க்குப் பிறகு 800 மீட்டர் ஓட முடியாமல் போனது. ஆனாலும் நீதிமன்றம் நீதிமன்றமாக வழக்கு நடத்தினார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நம் நாட்டிலும் பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஒடிசா மாநிலத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த துத்தி சந்த் என்ற ஓட்டக்காரியை 2014-ல் இதே காரணம் சொல்லி விலக்கி வைத்தார்கள். இந்த முறை அவருக்கு உதவ ஆட்கள் இருந்தார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டு 2015-ல் அந்த விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

பிரச்சினை மூன்று பேருக்கும் ஒரே மாதிரிதான். பக்கத்தில் நின்றவர்கள்தான் வேறு வேறு. ஒருத்திக்கு நாடே நின்றது, ஒருத்திக்கு வழக்கு நடத்த ஆள் கிடைத்தது, நம் சாந்தி அந்த நாட்களில் ஏறக்குறைய தனியாக நின்றார்.

பரிசோதனை எதற்காக?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ஆண்களோடு சேர்ந்து ஓடினால் பெண்கள் ஜெயிப்பது கஷ்டம். அதனால்தான் பெண்களுக்குத் தனிப் போட்டி. அந்தப் போட்டியில் எல்லோருக்கும் சமமான வாய்ப்பு வேண்டும் என்று மற்ற வீராங்கனைகள் கேட்பதும் தப்பில்லை. ஆனால் மனித உடம்பு இரண்டு அச்சில் வார்த்த செங்கல் இல்லை. சிலர் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே வாழ்கிறார்கள். உள்ளுறுப்பிலோ, ஹார்மோனிலோ, மரபணுவிலோ மட்டும் வித்தியாசம் இருக்கும். பரிசோதனை செய்யும் வரை அவர்களுக்கே தெரியாது. இது பிறவியில் வருவது. பாவமும் இல்லை, சாபமும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

எங்கே கோடு போடுவது என்று பெரிய பெரிய டாக்டர்களே இன்னும் வாதம் செய்கிறார்கள். விதி பல தடவை மாறிவிட்டது. ஒலிம்பிக்கில் எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாக இருந்த பாலினப் பரிசோதனையை 1999-ல் நிறுத்தினார்கள். பிறகு ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் ஒரு மரபணுப் பரிசோதனையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். விதி எதுவாகவும் இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டும், அவள் பேச்சைக் கேட்க வேண்டும், ரகசியம் காக்க வேண்டும். இது எந்த விதிக்கும் பொது.

ஊக்க மருந்து விவகாரத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வாங்கியபோது பரிசுகள் குவிந்தன. பிறகு ஊக்க மருந்துச் சோதனையில் தவறியதாக நான்கு ஆண்டுத் தடையும் பதக்க இழப்பும் வந்தன. தெரிந்து எதுவும் உட்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விளையாடும் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாத சத்து மாவு, மாத்திரை, ஊசி எதையும் யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

நம் ஊருக்கு வருவோம்

திருத்தணி மலைப் படிகளை மூச்சு வாங்காமல் ஓடி ஏறும் பெண் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் நம் பிள்ளைகளும் பரிசு வாங்குகிறார்கள். ஆனால் கிராமங்களில் நாங்கள் கேட்கிற பேச்சு என்ன? "ஆம்பள மாதிரி ஓடறா." "கால் கையெல்லாம் முறுக்கேறிப் போச்சு, யார் கட்டிப்பான்?" "பதினாறு ஆச்சு, இன்னும் வயசுக்கு வரல, ஏதோ கோளாறு." இந்தப் பேச்சைப் பெரும்பாலும் பேசுவது யார்? வருத்தமாக இருந்தாலும் சொல்கிறோம், பெண்களாகிய நாம்தான்.

பெண் பிள்ளைக்கு 15 வயது முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் பெண் டாக்டரிடம் காட்டுவது நல்லது. பல பேருக்கு ரத்தசோகை, எடைக் குறைவு, தைராய்டு போன்ற சாதாரணக் காரணமாக இருக்கும். கடும் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கும் தள்ளிப் போவது உண்டு. சிலருக்கு வேறு காரணம் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் டாக்டருக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம். தெருக்குழாயடியில் பேச வேண்டியது அல்ல.

நம் குழுவில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஓர் உறுப்பினர் தவணை கட்டவில்லை என்றால் உடனே ஊரைக் கூட்டுகிறோமா? இல்லை. முதலில் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய், "என்னக்கா ஆச்சு, உடம்பு சரியில்லையா, வேலை இல்லையா?" என்று கேட்கிறோம். காரணம் தெரிந்த பிறகுதான் கூட்டத்தில் பேசி முடிவு எடுக்கிறோம். எழுதப் படிக்கச் சிரமப்படும் நம் உறுப்பினர்களுக்குத் தெரிந்த இந்த மரியாதை, 2006-ல் சாந்திக்குக் கிடைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. எந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றியும் வதந்தி வந்தால் அது நம் குழுவோடு நின்றுவிட வேண்டும். அடுத்த வீட்டுக்குக் கடத்தக் கூடாது.

2. நன்றாக ஓடும், விளையாடும் பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் உண்டு. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. விவரங்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம்.

3. பரிசு வாங்கிய பிள்ளைக்கு மாலை போடுவதோடு நிறுத்தாமல், அடுத்த வருடம் தோற்று வரும்போதும் அவள் வீட்டுக்குப் போங்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு ஆள் தேவை.

4. மனம் உடைந்து தனியாக ஒதுங்கும் பெண்ணைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் உதவி கேட்கலாம்.

குழுவில் கலந்து பேச

* சாந்தியின் செய்தி வந்த அன்று நீங்கள் கத்தக்குறிச்சியில் அவர் பக்கத்து வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

* செமன்யாவின் ஊர் செய்ததை நம் ஊர் செய்யத் தடையாக இருப்பது எது?

* நம் குழுவில் ஒருவரைப் பற்றி விசாரிக்காமலே பேசிய பேச்சு உண்டா? அதை எப்படிச் சரி செய்யலாம்?

பேசி முடித்ததும், "எந்தப் பெண்ணைப் பற்றியும் அவளிடம் கேட்காமல் பேச மாட்டோம்" என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். எத்தனை குழுக்கள் இந்தத் தீர்மானம் போட்டன என்பதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பிரதிநிதிகள் சொல்லவும்.