தாயில்லாப் பூனைக்குட்டியும் தாய்ப்பூனையின் ஆபரேஷனும்



ஸ்கூடாய் பக்கம் விடியற்காலையில் சந்தைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மீன்கடைக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே நாலைந்து பூனைக்குட்டிகள், கண்கூடத் திறக்காமல் கத்திக்கொண்டு கிடக்கும். ஒரு நாள் கோயில் வாசல், இன்னொரு நாள் கோப்பிக்கடை அஞ்சடி. பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் தாமான்கள் வந்த பிறகு, லயத்து வீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போனவர்கள் விட்டுப்போன பூனைகளும் இதில் சேர்ந்துகொண்டன. பெட்டி வைத்தவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். குட்டியைத் தூக்கி வந்தால் என்ன செய்வது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

புதரோரம் தனியாகக் கிடக்கிற குட்டியை உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம்; அல்லது ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டி வயிறு நிறைந்து தூங்கினால், தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். மனுசன் கை பட்டா தாய் சேக்காது என்பது பெரும்பாலும் வீண்பேச்சு. மழை, எறும்பு, நாய் என்று ஆபத்து இருந்தால் காத்திருக்க வேண்டாம். பெட்டியில் போட்டு வைத்த குட்டியைத் தேடித் தாய் வரப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் செய்வது பால் ஊற்றுவது. தப்பே அங்கேதான். முதலில் சூடு, பிறகுதான் பால். பிறந்த மூன்று நான்கு வாரம் வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைச் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. சில்லிட்டுப் போன குட்டிக்குப் பால் ஜீரணமாகாது. ஈரத்தைத் துடைத்து, வெந்நீர் போத்தலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் விலகிப் படுக்க இடமும் விடுங்கள்.

அடுத்தது, என்ன பால்? நம் வீட்டில் கைக்கு எட்டுவது டின் பால். அதையும் கொடுக்காதீர்கள், பசும்பாலும் வேண்டாம். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டால் அவ்வளவு சின்ன உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது. பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறார்கள். அதைத்தான் வாங்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கி, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். முதல் வாரம் 2 முதல் 3 மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும்தான். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவது இதற்காகத்தான். தடவாவிட்டால் அதற்கு மூத்திரம்கூடப் போகத் தெரியாது. பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். நாளுக்கு 10 கிராமாவது ஏறினால் பிழைத்துக்கொள்ளும். நான்காவது வாரத்தில் கரைத்த உணவைத் தட்டில் வைக்கலாம்.

"காலையில பிரட்டுக்கு ஓடுற வீட்டுல இதெல்லாம் நடக்குமாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வீட்டால் ஆகாது; பக்கத்து வீட்டுப் பாட்டியையும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் குட்டி போட்ட பூனை இருந்தால் இன்னும் நல்லது. பல தாய்ப்பூனைகள் அதே வயசுக் குட்டியைத் தன்னதுபோல ஏற்றுக்கொள்ளும்.

இத்தனை பாடுபட்டு நாலு குட்டியை நீங்கள் ஆளாக்குவதற்குள், அவற்றைப் பெற்ற தாய் மறுபடி சினையாகியிருக்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைக்குப் பருவம் வருவதில்லை. ஜொகூர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், வருசம் முழுக்கப் பகல் ஒரே அளவு. ஆகவே இங்கே அதற்கு ஓய்வே இல்லை. சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். 4, 5 மாசக் குட்டிகூடச் சினையாகிவிடலாம். ஆகவே பெட்டியில் கிடந்ததைக் காப்பாற்றுவது பாதி வேலை. அடுத்த பெட்டி வராமல் தடுப்பது ஆபரேஷன் ஒன்றுதான்.

மாட்டுக்குக் காயடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்கூடப் பூனை என்றதும் "பாவம்லா" என்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது இது. "ஒரு தடவ குட்டி போடட்டும்" என்பதற்கு வைத்தியத்தில் ஆதாரம் இல்லை. 6 மாசத்துக்கு முன்பே செய்த பெண்பூனைக்கு மார்பில் புற்றுநோய் வருவது மிகக் குறைவு. அதற்குப் பதிலாகக் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் கர்ப்பப்பையில் சீழ் வைக்கவும் மார்பில் கட்டி வரவும் இடமுண்டு. கடுவனுக்குச் செய்தால் சண்டையும் சுவரில் மூத்திரம் அடிப்பதும் குறையும். எலி பிடிப்பது நிற்காது. (செம்பனைக் காட்டு எலிக்குக் கூண்டு வைத்துக் கூகையை வளர்க்கிறோமே, அது வேறு கணக்கு.)

செலவு இருக்கிறது, மறைக்கவில்லை. மாதக் கூட்டு போட்டுப் பழகிய நமக்கு லயத்துக்கு ஒரு பூனைக் கூட்டு பெரிய விசயமா? கால்நடைச் சேவை இலாகாவிலும் விலங்கு நலச் சங்கங்களிலும் சலுகை விலை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டரிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். தையலை நக்கவிடாமல் 10 முதல் 14 நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். வலிக்குதே என்று பெனடால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனை செத்துப்போகும்.

நம் உடம்பையும் கவனிக்க வேண்டும். கடி, கீறல் பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். தீபகற்ப மலேசியா 2012இல் வெறிநோய் இல்லாத இடமென்று பெயர் வாங்கியது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது மறுபடி தலைகாட்டியது. கீறின இடத்தில் கட்டி வந்து, கை வழியே வரிசையாக மேலே ஏறினால், அது பூனையிடமிருந்து ஒட்டும் பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். களிம்பில் ஆறாது, டாக்டர் கொடுக்கும் மாத்திரையை மாசக்கணக்கில் சாப்பிட வேண்டிவரும். பூனையிடம் கீறல் வாங்கியதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பூனைப் பீயை அள்ள வேண்டாம். வேறு யாராவது தினமும் அள்ளட்டும். அதிலுள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், அன்றன்றைக்கே எடுத்தால் ஆபத்து குறைவு.

தெருப்பூனையைப் பிடிக்கக் கூண்டு வைக்குமுன் காதைப் பாருங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டியிருந்தால் அதற்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அடையாளம். அதை விட்டுவிட்டு, காது முழுசாக இருக்கிறதைப் பிடியுங்கள்.