முதுமையில் தசைப் புரதம்: உணவினதும் இன்சுலினினதும் பங்கு

மாணவர்களே, இன்சுலினின் தொழில் யாது என வினவினால், “குருதியில் குளுக்கோசின் அளவைக் குறைத்தல்” என எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். விடை சரியே, ஆனால் முழுமையானதன்று. தசைப் புரதத்தைக் காப்பதிலும் இவ்வோமோன் பங்குகொள்கின்றது. இதனை விளங்கிக்கொண்டால், உங்கள் வீட்டு அம்மம்மாவின் கைகால்கள் ஏன் மெலிகின்றன என்பதும் விளங்கும்.

1. தொகுப்பும் உடைவும்

தசைக் கலங்களில் புரதம் ஒருபுறம் தொகுக்கப்பட, மறுபுறம் உடைக்கப்படுகின்றது. தொகுப்பு உட்சேபம், உடைவு அவசேபம், இரண்டும் சேர்ந்தது அனுசேபம். தொகுப்பை விட உடைவு மிகுந்தால் தசை குறையும்.

2. உணவு உண்ட பின்னர்

• புரதம் சமிபாடடைந்து அமினோவமிலங்களாகக் குருதியை அடையும். இவை (முக்கியமாக லியூசின்) தொகுப்பைத் தூண்டும்.
• சதையியின் பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கும். இது பிரதானமாக உடைவைக் குறைக்கும்.

இன்சுலின் இல்லாவிடின் நடப்பது என்ன? 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட நீரிழிவு நோயாளியான சிறுவன் லெனாட் தொம்சனின் நிறை ஏறத்தாழ 29 கிலோகிராம் மட்டுமே. கொழுப்புடன் தசையும் கரைந்திருந்தது.

3. முதுமையில் ஏற்படும் மாற்றம்

ஒரே அளவு புரதத்தை உண்டாலும் இளைஞரிலும் பார்க்க முதியவரில் தொகுப்பு குறைவாகவே தூண்டப்படும். தசை மீது இன்சுலினின் விளைவும் வலுவிழக்கும். உடல் உழைப்புக் குறைவது இதனை மேலும் கூட்டும். இவ்வாறு தசை குறைவதற்கு 1989 இல் இர்வின் ரோசன்பேர்க் ‘சாக்கோபீனியா’ எனப் பெயரிட்டார். கதிரையிலிருந்து எழச் சிரமம், விழுதல், என்பு முறிவு என்பன இதன் விளைவுகள்.

4. செய்யக்கூடியவை

• 50 கிலோகிராம் நிறையுடைய வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் புரதம் போதும். அதே நிறையுடைய முதியவருக்கு 50 - 60 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகின்றது. ஒரு முட்டையில் உள்ளது ஏறத்தாழ 6 கிராம்.
• புரதத்தை ஒருவேளையில் மட்டுமன்றி மூன்று வேளையும் பகிர்ந்து உண்ணல் நன்று. பருப்பு, கௌபி, பயறு, மீன், முட்டை, பால் என்பன உதவும்.
• இயன்றளவு நடத்தல், கதிரையில் இருந்து எழுந்து பழகுதல் போன்ற பயிற்சிகள் அவசியம்.

கவனிக்க: சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரின் ஆலோசனையின்றிப் புரதத்தைக் கூட்டலாகாது.

5. மாதிரி வினா

முதியவர் ஒருவர் காலையிலும் இரவிலும் பாணும் வெறுந்தேநீரும் மட்டுமே உட்கொள்கிறார். வயிறு நிறைந்தும் அவரது தசை குறைவது ஏன்?

விடை: பாணின் மாப்பொருளால் இன்சுலின் சுரக்கும், உடைவு ஓரளவு குறையும். ஆயினும் தொகுப்புக்குப் போதிய அமினோவமிலங்கள் கிடைப்பதில்லை. முதுமையால் தொகுப்பின் தூண்டலும் குறைந்துள்ளது. எனவே உடைவே மேலோங்கும்.

“வயது போனால் சாப்பாடு குறையத்தான் வேணும்” என்று வீட்டில் சொல்வார்கள். சோற்றின் அளவு குறையலாம், புரதம் குறையக்கூடாது. இதனை விடைத்தாளில் எழுதுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.