கடனும் கவலையும்

கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகியவற்றை விட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி வந்தார்கள். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்த துஆ புகாரி ஷரீபில் உள்ளது. மனக்கவலையும் கடனும் ஒரே துஆவில் இடம் பெற்றிருப்பதைச் சிந்தியுங்கள். கடனால் மனம் உடைந்தவரை, "ஈமான் குறைந்தவர்" என்று ஏசுவது எப்படி முறையாகும்?

கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் இதை அறிவார்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022இல் 1000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. அன்றைய விலையை நம்பி வாங்கிய கடனோ இறங்கவில்லை! உறக்கம் போகிறது, பள்ளிவாசலுக்கு வரவும் கூச்சம், மனைவியிடமும் மறைக்கத் தோன்றுகிறது. கடன்பட்டவன் பொய் சொல்லவும் வாக்கு மாறவும் நேரிடும் என்று பெருமானார் (ஸல்) எச்சரித்தார்கள்.

மார்க்கம் காட்டும் வழி என்ன?

கடன்பட்டவர், கணக்கை எழுதி வீட்டாரிடம் காட்டட்டும். வட்டிக் கடனை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் வாங்க வேண்டாம். கந்துவட்டிக்காரர் மிரட்டினால், 2003ஆம் ஆண்டின் தமிழகச் சட்டப்படி புகார் செய்யலாம்.

கடன் கொடுத்தவர், சிரமப்படுபவருக்கு அவகாசம் அளிக்கட்டும். தள்ளுபடி செய்வது இன்னும் மேல் (அல்பகரா 280).

ஜமாஅத்தார், ஜகாத் பெறும் 8 வகையினரில் கடனாளியும் ஒருவர் (அத்தவ்பா 60) என்பதை மறவாமல், அவர் கேட்குமுன் இரகசியமாக உதவட்டும்.

மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரை நாடுவது தவக்குலுக்கு முரணல்ல. உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் தனித்திராதீர்கள். உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் பேசலாம்.

அல்லாஹ் நம் கடன் சுமையையும் மனச் சுமையையும் இலேசாக்குவானாக! ஆமீன்.