கல் திரட்டிய வாழ்வு

பள்ளிப்பட்டு வழியே வரும் கொசத்தலையாற்றின் படுகையில் அமைந்த சிற்றூர் அத்திரம்பாக்கம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இவ்வூரில் மேலும் பல கருவிகளைக் கண்டார். நிலவியல் ஆய்வு அரசு இட்ட பணி. கற்கருவி திரட்டியதோ அவர்தம் தீரா வேட்கை.

ஓடை உருட்டிய கல்லுக்கும் மாந்தர் செதுக்கிய கல்லுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. கைக்கோடரியில் இருமுகத்திலும் சில்லுகள் ஒழுங்குறப் பெயர்க்கப்பட்டிருக்கும். ஆயினும், கிடைத்த இடம் குறிக்கப்படாவிடின் அதன் வரலாற்று மதிப்புப் பெரிதும் குன்றும். ஃபூட் இதனை நன்கறிந்தவர்.

அவர்தம் நாற்பதாண்டுத் திரட்டினைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்குப் பெற்றது. அதற்குரிய விளக்கப் பட்டியலை முதுமையில் அவரே எழுதினார். 1912இல் அவர் மறைந்தார். பட்டியல் 1914இல் அச்சேறியது.