பழைய சலவை இயந்திரத்தை என் செய்வது?



புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு ‘நீண்ட குன்று’ என்பது பொருள். இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் உழைத்துத் தேய்ந்த சலவை இயந்திரங்களை என் செய்வது என்பதை நாம் அறிதல் நலம்.

நீர் வெளியேறாவிடில் குழாய் அடைத்திருக்கலாம். உருளை சுழலாவிடில் வார்ப்பட்டை அறுந்திருக்கலாம். இவற்றைப் பழுதுபார்த்தல் எளிது. உடல் துருப்பிடித்து நீர் கசிந்தால் புதியது வாங்குவதே சிக்கனம்.

பழையதை நடைவழியில் வைக்கலாமா? கூடாது. அங்கே 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும். தீப்பற்றினால் முதியோரும் குழந்தைகளும் வெளியேறும் வழி அதுவே. நோயாளியைத் தூக்கிச் செல்லும் வழியும் அதுவே.

2021 ஜூலை 1 முதல், புதிய இயந்திரத்தை வீட்டில் சேர்க்கும் விற்பனையாளர், பழையதைக் கேட்டால் கட்டணமின்றி எடுத்துச் செல்லுதல் சட்டப்படி கடமை. வாங்கும்போதே சொல்லி வைத்தல் வேண்டும். வண்டி வருமுன் மின்செருகியைக் கழற்றுக, குழாயை மூடுக, எஞ்சிய நீரை வடித்திடுக.

அதிலுள்ள எஃகும் செம்பும் உருக்கப்பட்டு மீண்டும் பயன்படும். குப்பையாயின், இறுதியில் செமாக்காவ் தீவையே சேரும். 1999இல் திறக்கப்பட்ட அதுவே நம் நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடம். 2035 அளவில் அது நிரம்பிவிடும் என மதிப்பிட்டுள்ளனர். இன்று பள்ளி செல்லும் நம் பிள்ளைகள் அன்று இளைஞர்களாய் இருப்பர். அவர்களுக்கு நாம் விட்டுச் செல்வது நிலமா, குப்பையா?

வினாக்கள்:
1. நடைவழியில் பொருள்களை வைத்தல் ஏன் தவறு?
2. பழைய இயந்திரத்தில் மீண்டும் பயன்படும் உலோகங்கள் யாவை?