திறப்பு விழாவுக்கு மறுநாள் பூங்காவை யார் பார்த்துக்கொள்வது?

மாநகராட்சியோடு புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் கவுன்சிலரானாலும் சரி, குடியிருப்போர் நலச்சங்கத்தாரானாலும் சரி, பூங்கா என்றதும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நிதி வரும், அதில் என்னென்ன கட்டலாம்? கட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பேன். முதலில் நிலத்தைக் கையில் பிடியுங்கள். அடுத்ததாக, அந்த இடத்தைத் தினமும் கவனிக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். இவை இரண்டும் உறுதியான பிறகு ஊஞ்சல், நீரூற்று, செல்ஃபி பாயின்ட் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1920-களில் தி.நகரை அமைத்தவர்கள் பனகல் பூங்காவை நடுவில் வைத்து, சாலைகளை அதைச் சுற்றி விட்டார்கள். 2011-இல் சேர்ந்த அம்பத்தூர், வளசரவாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கங்களில் அப்படி யாரும் திட்டமிடவில்லை. வயல் வயலாக மனை போட்டு விற்றபோது, எல்லோருக்கும் பொதுவான இடம் எங்கே என்று கேட்க ஆளில்லை. 2019-இல் மாநகராட்சிகளான ஓசூரும் ஆவடியும், 2021-இல் ஆன தாம்பரமும் இன்று அதே கட்டத்தில் நிற்கின்றன. அங்கே இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

உங்கள் கையில் இருக்கும் வலுவான கருவி ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அந்த அளவுக்கு மேல் போனால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட இடமுண்டு. அந்த இடத்தில்தான் நீங்கள் பிடிவாதமாக நிலம் கேட்க வேண்டும். வந்த பணத்தை வைத்துக்கொண்டு அதே தெருவில் பின்னால் ஒரு துண்டு நிலம் வாங்கிவிட முடியாது.

தானப்பத்திரம் பதிவாவதற்கு முன்பே இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். மழை பெய்தால் குளமாகிவிடும் மூலை, உயர்அழுத்த மின்கம்பிக்குக் கீழே உள்ள பட்டை, ஓடைக்கரையில் முக்கோணமாக மிஞ்சியது: ஒதுக்கப்படும் நிலம் பல சமயம் இப்படித்தான் இருக்கிறது. பொதுச்சாலையிலிருந்து நேராக உள்ளே போக வழி இருக்கிறதா, வீடுகளின் வாசல்கள் அந்த இடத்தைப் பார்த்து இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பின்சுவர்கள் மட்டுமே சூழ்ந்த பூங்காவில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் பெண்கள் கால் வைக்கமாட்டார்கள்.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதென்று பத்திரத்தை பீரோவில் வைத்துவிடாதீர்கள். பட்டாவும் நகர நில அளவைப் பதிவேடும் மாநகராட்சி பெயருக்கு மாறியாக வேண்டும். மாறாத நிலத்தை இரண்டாம் முறை விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வார்டின் பழைய மனைப்பிரிவு வரைபடங்களை எடுத்து, ‘பூங்கா’ என்று குறித்த ஒவ்வொரு துண்டுக்கும் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். பிறகு அங்கே தானப்பத்திர எண்ணும் பரப்பும் எழுதிய பலகையை நடுங்கள். அந்தப் பலகைக்கு ஆகும் செலவு சிறிது. அது தடுக்கும் ஆக்கிரமிப்பு பெரிது.

பூங்கா நிலத்தை வேறு நல்ல காரியத்துக்குக் கேட்டு வருவார்கள். தயங்காமல் மறுக்க உங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, குடியிருப்பவர்களே வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சென்னையிலோ 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் முன்முயற்சியில் உருவான மக்கள் பூங்கா நூறு ஏக்கருக்கு மேல் பரந்திருந்தது. ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதற்குள் வந்தன. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான். பூங்கா மட்டும் மிஞ்சவில்லை.

இனி பராமரிப்பு. கட்டுமானத்துக்கு ஒரு திட்டத்தில் மொத்தமாக நிதி வரும். பராமரிப்புப் பணத்தை ஆண்டுதோறும் நீங்கள்தான் தேட வேண்டும். ஆகவே மதிப்பீடு தயாராகும் அன்றே ஐந்து ஆண்டுக்கான பராமரிப்புச் செலவையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்கு வழி தெரியவில்லையென்றால் நீரூற்றை வெட்டிவிட்டு, தோட்டக்காரர் ஒருவரையும் காவலாளி ஒருவரையும் நிரந்தரமாக வையுங்கள். ஓடாத நீரூற்றில் கொசு வளரும். இருக்கிற தோட்டக்காரர் சருகைக் கூட்டுவார், ஊஞ்சல் சங்கிலி தேய்ந்ததைச் சொல்வார், வழி தவறிய குழந்தையைத் தாயிடம் சேர்ப்பார். ஒரு பூங்காவைப் பூங்காவாக வைத்திருப்பது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒப்பந்தத்தில் விடுவதானால், ‘பூங்கா பராமரிப்பு’ என்று ஒரே வரியில் டெண்டர் விடாதீர்கள். கழிப்பறையை ஒரு நாளில் எத்தனை முறை கழுவ வேண்டும், எந்தக் கிழமைகளில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், விளையாட்டுச் சாதனங்களின் போல்ட்டு, வெல்டிங்கை வாரம் எந்த நாள் சோதிக்க வேண்டும், எரிந்துபோன விளக்கை எத்தனை மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று வேலை வேலையாக எழுதுங்கள். வாயிலில் ஒரு பதிவேடு இருக்கட்டும். பகுதி சபை உறுப்பினர் ஒருவர் அதில் வாரந்தோறும் கையெழுத்திட்ட பிறகே பில் பாஸ் ஆகட்டும். 2022 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் நகர்ப்புறங்களில் வந்த வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் இதைவிடப் பொருத்தமான வேலை இருக்கிறதா?

செடி, மரம் பற்றிச் சுருக்கமாக. சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டுமென்று கோனோகார்பஸ் நட்ட இடங்கள் ஏராளம். தமிழக அரசு 2025-இல் அதை நடவே தடை விதித்துவிட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். ஆகவே நாட்டு மரங்களையே நடுங்கள்: புங்கன், மகிழம், பூவரசு, நாவல், வேம்பு போதும். மே மாத நண்பகலில் உட்கார நிழல் தருபவை இவை. குழந்தைகள் விளையாடும் பக்கம் அரளி வேண்டாம், அது விஷம். புல்வெளியைச் சிறிதாக வையுங்கள், போர்வெல் தண்ணீரைக் குடிப்பது அதுதான். சிமென்ட் கல் பதிப்பதை நடைபாதையோடு நிறுத்தி, தாழ்வான பக்கத்தில் தெருவின் மழைநீர் இறங்கக் குழிவு விடுங்கள். சறுக்குமரம் மேற்கு வெயில் படாமல் மர நிழலில் இருக்கட்டும். மாலை நாலு மணிக்குத் தகரம் சுட்டால் அந்தக் குழந்தை மறுபடி வராது.

நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவதற்கு முன்னால் பூங்காவில் போய் உட்காருங்கள். காலை ஆறு, பகல் பதினொன்று, மாலை நாலரை, இரவு எட்டு என்று வார நாளிலும் ஞாயிறிலும் பாருங்கள். வந்திருப்பவர்கள் யார் என்பதோடு, வராதவர்கள் யார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், மாலையில் சிறு பிள்ளைகள், அவ்வளவுதான். பதின்வயதுப் பெண்களைக் காணோம். சக்கர நாற்காலியில் வருபவர்களைக் காணோம். பகலிலோ பூட்டு.

அந்தப் பூட்டை முதலில் எடுங்கள். ஒற்றை அறை வீட்டில் இருக்கும் முதியவருக்கும், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், இரண்டு டெலிவரிக்கு நடுவே கால் நீட்ட இடம் தேடும் இளைஞருக்கும் பகல் பன்னிரண்டு மணிதான் பூங்கா தேவைப்படும் நேரம். மைதானம் இல்லாத பள்ளி பக்கத்தில் இருந்தால், தலைமையாசிரியரிடம் பேசி உடற்பயிற்சிப் பீரியடை அங்கே நடத்தச் சொல்லுங்கள். அங்கன்வாடிக் குழந்தைகளும் காலையில் ஒரு மணி நேரம் வரலாம்.

பெண்கள் வரவேண்டும் என்று பலகை எழுதினால் வந்துவிடமாட்டார்கள். தாழ்ப்பாள் விழும் கழிப்பறை, அணையாத விளக்கு, ஒரு பெண் பயிற்சியாளர் மூன்றும் இருந்தால் வருவார்கள். சிலம்பமோ இறகுப்பந்தோ, வாரம் இரண்டு மாலைகளை அவர்களுக்கென்று உறுதியாக ஒதுக்கி, எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு முறை ரத்தானால் மூன்றாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

உங்கள் பகுதியில் ஏற்கெனவே யோகா சொல்லித்தருபவரும், கேரம் ஆடும் பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இடமும் நேரமும் எழுதிக்கொடுத்து, அந்த அட்டவணையை வாயிலில் ஒட்டுங்கள். ஒலிபெருக்கி கூடாது, எந்தக் குழுவும் பாதிக்கு மேல் இடத்தைப் பிடிக்கக் கூடாது. கிரிக்கெட் ஆடும் பையன்களை விரட்டாதீர்கள். ஒரு மூலையில் வலை கட்டிக் கொடுங்கள், சின்னக் குழந்தைகள் பக்கம் பந்து போகாது.

கட்டணம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சென்னையில் 2024 அக்டோபரில் மாநகராட்சியின் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். வடசென்னையில் தெருவில் பந்தாடி வளர்ந்த பையனுக்கு அந்த 120 ரூபாய் மூடிய கதவுதான். வருமானம் தேவையென்றால் வாகன நிறுத்தத்திலோ வாசலில் டீக்கடை உரிமத்திலோ பாருங்கள்.

கடைசியாக, வளரும் நகரம் பூங்காவுக்குள் ஒருநாள் தோண்ட வரும். மெட்ரோ, மழைநீர் வடிகால், நீர்த்தேக்கத் தொட்டி எதற்காகவும் இருக்கலாம். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ பணிக்காக 2011-இல் மூடப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தே மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. மூடும்போது நடைவண்டி ஓட்டிய குழந்தை, திறக்கும்போது மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கும். இடத்தைக் கொடுக்கும் தீர்மானத்திலேயே எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு மரத்தின் பெயரும் சுற்றளவும், எந்தப் பகுதி எந்த மாதத்தில் திரும்ப வரும் என்ற கணக்கு, மீட்டமைப்புக்கான தொகையை முன்கூட்டியே மாநகராட்சிக் கணக்கில் செலுத்துவது. அதுவரை பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்பதையும் இடம் குறிப்பிட்டு அதில் சேருங்கள். அந்த மாற்று இடத்தில் விளக்கும் கழிப்பறையும் தயாரான பிறகே பழைய வாயிலுக்குப் பூட்டுப் போட சம்மதியுங்கள்.